ப்ராசஸருக்கு வைத்த பொட்டு

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பின்னால், ஒரே கிணற்றையும் ஒரே வாசலையும் பங்குபோட்டுக்கொண்ட சவுந்தரபாண்டி வளவில், செவ்வந்தியின் பழைய கம்ப்யூட்டர் முதன்முதலாக இரவல் வாங்கியது பக்கத்து வீட்டு ஒச்சம்மாவின் தலையிலிருந்துதான். உலை கொதித்துவிட்டது, அடுத்து என்ன என்று யோசித்த ஒச்சம்மா யோசித்த இடத்திலேயே நின்றுபோனாள், அரிசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை, அதே நேரம் சுவருக்கு இந்தப் பக்கம் காலையிலிருந்து ஒரே இடத்தில் முக்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மடமடவென்று ஓடி, ஓர் ஊரின் கிணறுகள் அத்தனைக்கும் கணக்கு முடித்து, டிங் என்றது. டிங் என்றதும் ஒச்சம்மாவுக்கு அரிசி திரும்பக் கிடைத்தது. "இந்தா வந்துருச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி, அளந்து போட்டு, மூடி வைத்தாள்.

செவ்வந்தி பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கல்லூரி சேர்ந்த வருசம் அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்தான் அவளுடைய ஆய்வுக்கூடம், ஏனென்றால் துறையில் இருந்த புதுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் திறப்பு விழாவுக்குக் காத்திருந்தன. அவளுடைய அக்கா செண்பகம், புருசன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் மாவுக்கட்டுப் போட்ட இடது கையோடும் வந்து இறங்கியவள், அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்த அரிவாள்மனை, கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்த செண்பகம், தங்கச்சி கிணறு அளக்கப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரையும் திறந்தாள். தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். விசிறியைக் கழற்றினாள். அதன் அடியில் சதுரமாக ஒரு சின்ன வில்லையும், வில்லைமேல் காய்ந்த சாம்பல்நிறப் பொருக்கும் இருக்கக் கண்டு, இத்தனை வருசமாக அழுக்கோடு வேலை பார்த்திருக்கிறதே பாவம் என்று ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்து, துடைத்த பிறகு வெறும் நெற்றியாக இருப்பதைப் பார்க்க மனசு கேட்காமல், குழைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு பொட்டு வைத்து, மேலே விசிறியை முடுக்கினாள். "உள்ளயும் வச்சிருக்கேன்டி" என்று சாயங்காலம் சொன்னாள். செவ்வந்தி சரி என்றாளே தவிர எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. லாரிகூட வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கிற நாளில் வழிகாட்டிப் பேராசிரியர் போன் போட்டு முடிவு எங்கே என்று கேட்க, செவ்வந்தி சுவிட்சுமேல் இருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் போட்டாள். அதனால்தான் இப்படி என்று வளவு பேசிக்கொண்டது. பூசைக்கு ஓய்வு கொடுக்காத ஆயுதம் ஆள் கேட்கிறது என்றார்கள், அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. தோண்டுவதற்கு யாருக்கு நேரம்? பூக்கூடை இறங்கிவிட்டது, கட்டிக் கொடுக்க வேண்டும்.

"எடுக்குது" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். "இப்ப எடுக்குதாடி?" என்று சுவருக்கு மேல் எட்டிக் கேட்டுவிட்டுத்தான் பாலை அடுப்பில் வைத்தாள் மூன்றாம் வீட்டு ஜெயராக்கினி. வாசலோரத்து வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிற பாத்திமுத்து, ஊர்ப் பெண்களின் அளவையெல்லாம் தலையிலேயே வைத்திருக்கிறவள், அது இரைகிற நேரத்தில் துணியை வெட்டாமல் பொத்தான் மட்டும் தைக்கக் கற்றுக்கொண்டாள், கற்றுக்கொள்வதற்கு முன் வெட்டிய ஜாக்கெட்டுகளில் ஒன்றுக்கு ஒரு கைதான் இருந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது எடுத்துவிட்டால், இருவரும் இடுப்பில் கைவைத்தபடி எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, டிங் கேட்டதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள். விரல்களுக்குத் தெரிந்ததை மட்டும் அதால் எடுக்க முடியவில்லை. தலை காலியாக இருந்தாலும் விரல்கள் மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன.

ஆண்கள்? ஒரு காலையில் வளவுக்காரர் சவுந்தரபாண்டி வீட்டிலிருந்தபடியே போனில் விலை பேசி, ஒரு மூட்டை மல்லிகையை வாடாமல்லி விலைக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே வளவு ஆண்கள் எல்லாரும் பாயும் தலையணையுமாகக் கமிஷன் மண்டி மாடிக்குக் குடிபோனார்கள், சாப்பாடு மட்டும் தூக்குவாளியில் போனது. ஆண்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. யாருக்கு எங்கே போக இடமிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் தலையிலிருந்து எது போகும் என்பது இருக்கிறது, இதற்கு ஆராய்ச்சிப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. செவ்வந்தியிடமிருந்து மட்டும் அது ஒன்றும் எடுக்கவில்லை. கணக்கைக் கேட்டவளே அவள்தானே, அவளிடமே எப்படிக் கேட்கும் என்று பெண்கள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மைதான் அவளைக் குத்தியது.

வேண்டாததை எடுத்துக்கொண்டு போனாலாவது பரவாயில்லை. கல்யாணப் பந்தலில் மாமியார் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஜெயராக்கினி வேலை மெனக்கெட்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மாமியார் வார்த்தை அப்படியே இருந்தது, செபமாலையின் நடுப்பகுதி போய்விட்டது. எதை வைத்துக்கொண்டு ஒருத்தி அன்றைய பொழுதை ஓட்டுகிறாளோ அதைத்தான் அது கேட்டது.

இதெல்லாம் டிங் என்று திரும்பி வந்துகொண்டிருந்தவரை வளவு பொறுத்துக்கொண்டது. கோடை வெயில் ஏறியபோது பேராசிரியர், தனித்தனி ஊர் போதாது, வைகை பாயும் நிலம் முழுவதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு மழைக்கு முன் ஆய்வேட்டைக் கொடு, இல்லாவிட்டால் உதவித்தொகையும் பதிவும் போகும் என்றார்.

"சார், லேப்ல புது சிஸ்டம் எல்லாம் சும்மாதான இருக்கு. ஒண்ணு குடுத்தீங்கன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"உறையைப் பிரிச்சா நாளைக்கு யார்மா பதில் சொல்றது? வீட்டுலதான் நல்லா ஓடுதுன்னு சொன்னியே."

நல்லாத்தான் ஓடியது. கடைசி ஓட்டம் தொடங்கிய நாளிலிருந்து டிங் கேட்கவில்லை. திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது, ஊர ஊர வளவிலிருந்து ஒவ்வொன்றாகப் போனது, போனது வரவில்லை. பாத்திமுத்து எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்தாள். ஜெயராக்கினி செபத்தைத் தொடங்கி, பள்ளத்தைத் தாண்டுகிறவள்போல ஒரு மூச்சு விட்டு, ஆமென் என்று முடித்தாள். ஒச்சம்மாவுக்குத் திருப்பூர் ரோட்டில் செத்துப்போன மகனின் குரல் போனது. முகம் இருந்தது, சட்டை இருந்தது, வாசலில் செருப்பை உதறிவிட்டு "எம்மோவ், சோறு" என்று அவன் கூப்பிடுகிற அந்தக் குரலை மட்டும் காணவில்லை. "அதுக்குள்ளதானடி இருக்கு, முடிஞ்சதும் குடுத்துரும்ல?" என்று தினமும் வந்து கேட்டு, பச்சைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனால் எல்லாரையும்விடக் கிட்டத்தில் இருந்தவள் செண்பகம். அந்தத் தேர்வு அவளுக்குக் கடைசி, அடுத்த முறைக்கு வயசு தாண்டிவிடும். அப்பா மண்டி மாடியிலிருந்து இறங்கி வந்து ஊர் அறியச் சொல்லியிருந்தார், இந்த ஒரு பரீட்சை எழுது, தேறினால் உன் பாட்டை நீ பார், ஏனோதானோ என்று எழுதிவிட்டு வந்தாயானால் ஒட்டன்சத்திரத்துக்குப் போய் அவனோடு வாழு. அவன் என்பவன் செண்பகத்தின் புருசன் நல்லதம்பி. கையை முறித்தவன் அவன்தான், அதற்கும் வளவு ஆண்களிடம் ஒரு காரணம் இருந்தது, குழம்பில் உப்பு.

"வைகை எங்கக்கா உற்பத்தியாகுது?" என்று ஒரு மத்தியானம் செவ்வந்தி கேட்டாள்.

செண்பகம் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "வைகைன்னா?"

சன்னலுக்கு வெளியே நிற்கிற பஸ்ஸின் நெற்றியில் அணைப்பட்டி என்று எழுதியிருந்தது, ஆற்றங்கரைக்குப் போகிற பஸ். செவ்வந்தி அக்காவைப் பார்த்தாள், பச்சைக் கோட்டைப் பார்த்தாள். கோடு முடிவதற்குள் தேர்வு வந்து போய்விடும். தன்னுடைய ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கமும் அக்காவின் புத்தகத்திலிருந்து கிழித்ததுபோல் தோன்ற, பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஸ்டீபன் வாய் ஓயாமல் புது கம்ப்யூட்டரைப் பற்றியே பேசினார். "செத்த போர்டுக்கு ஏம்மா வைத்தியம் பாக்குற? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடு, நான் தவணையில தாரேன்."

"புதுசுன்னா போர்டு, ராம், பவர் சப்ளை அம்புட்டும் புதுசுண்ணே. எனக்கு முடியாது. இருக்கிற சாக்கெட்டுல உக்கார்ற ப்ராசஸர் எது எதுன்னு மட்டும் காட்டுங்க, அதுக்கேத்த பயாஸ் புரோகிராமை நான் ஏத்திக்கிறேன்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கு" என்று முனகிக்கொண்டே அவர் ஒரு அட்டையில் பழைய சிப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். உட்காரக்கூடியவை மூன்று. ஒன்று, இப்போது இருப்பதைப் போலவே இரண்டு கோர், உள்ளே கணக்குப் போட இரண்டு ஆள் என்று அர்த்தம், ஆனால் நல்ல வேகம். இன்னொன்று நான்கு கோர், அதுவும் வேகம், ஆனால் அடுப்பு மாதிரிச் சூடேறும், அவளுடைய பழைய பவர் சப்ளை தாங்குமா என்பது சந்தேகம். மூன்றாவதும் நான்கு கோர்தான், கொஞ்சம் நிதானம், சூடு குறைவு. செவ்வந்தி அங்கேயே நின்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடையில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவள் தேடிய விவரம் எந்தச் சிப்பின் முதுகிலும் அச்சடித்திருக்கவில்லை. எது மனுசத் தலையைக் கேட்காது?

"மூணையும் குடுங்கண்ணே. ரெண்டைத் திரும்பக் கொண்டாறேன்."

"பழம் வாங்குற மாதிரி கேக்குறியே" என்றார், ஆனாலும் கொடுத்தார். ஒரு சின்ன டியூபையும் மேலே போட்டார். "பேஸ்ட்டு. விசிறிக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல தடவணும், அப்பத்தான் சூடு இறங்கும், மறந்துறாத."

"முன்னாடி போட்டதே இருக்கும்ணே."

"இருக்கும், இருக்கும். எதுக்கும் வச்சுக்க."

மறுநாள் மண்டிக்கு விடுமுறை, சாப்பிட வந்த ஆண்கள் கிணற்றடியில் உட்கார்ந்திருக்க, மூன்று சிப்புகளையும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துச் செவ்வந்தி விசயத்தைச் சொன்னாள். சவுந்தரபாண்டி குனிந்து பார்த்தார்.

"இப்ப இருக்கிற ரெண்டுக்கே ஏழு வீடு பத்தல. நீ நாலைக் கொண்டாந்து வச்சா அது சந்தை வரைக்கும் கை நீட்டாதா? மண்டிக்கு வந்துச்சுன்னா பொழப்பு என்னாகுறது?"

அப்பா தலையாட்டினார். "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்? பொம்பளைக நீங்க வீட்டுல சும்மாதான இருக்கீங்க, தலையில கொஞ்சம் எடுத்துக்கிட்டா என்ன கொறைஞ்சு போச்சு?"

"சும்மாவா?" என்றாள் ஜெயராக்கினி. "நேத்து உங்க தூக்குவாளியில குழம்பே இல்லாம வெறும் கரண்டி வந்துச்சுல்ல, அப்பத் தெரியலையா என்ன கொறைஞ்சுச்சுன்னு?"

செவ்வந்திக்கு வாதம் என்றால் வெல்லம். "அப்பா, அது கேக்குறது தன்னால முடியலன்னுதான். முடியாதவங்கதான் இரவல் கேப்பாங்க. போதுமான ஆள் உள்ளயே இருந்துச்சுன்னா வெளிய எதுக்குக் கேக்கணும்? அதுக்கு வேண்டியது நம்ம தலை இல்ல, ஒரு நல்ல ப்ராசஸர். நம்ம தலை ஓசியில கிடைக்குதுன்னு நாமளே அதைக் கணக்குல சேத்துக்கிட்டோம்."

"சரி, எதைப் போடப் போற?" என்றாள் பாத்திமுத்து.

"வேகமான ரெண்டு ஆளு, இல்ல நிதானமான நாலு ஆளு. பூக்கட்டுறதையே எடுத்துக்கங்க, எது சீக்கிரம் முடியும்?"

அப்போது செண்பகம் கேட்டாள், "உன் வேலையை நாலாப் பிரிக்க முடியுமாடி? பிரிக்க முடியாத வேலைன்னா ஒருத்தி செய்வா, மிச்ச மூணும் கிணத்தடியில உக்காந்து வேடிக்கை பாக்கும்." யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள். கிணற்றடியில் சவுந்தரபாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பிரிக்க முடியும். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் கணக்குத் தனி. நிதானமான நான்கு என்று முடிவானது. முடிவான பிறகுதான் செவ்வந்தி, சொல்லாமல் தள்ளிவந்ததைச் சொன்னாள். ப்ராசஸரை மாற்ற வேண்டுமானால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதை அணைத்தால் உள்ளே கையில் வைத்திருப்பது எல்லாம் போகும், அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் உள்ள கதை.

ஒச்சம்மா மெதுவாகச் சொன்னாள், "என் புள்ளை குரலு அதுக்குள்ள இருக்கு."

அணைக்காமல் விட்டால் எல்லாருக்கும் எல்லாமும் திரும்பும், செண்பகத்துக்கு மட்டும் தாமதமாக, தேர்வு முடிந்த பிறகு திரும்பும். அணைத்தால் யாருக்கு எது மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. செண்பகம் எழுந்து இலையிலிருந்து சிப்புகளை எடுத்துத் தங்கச்சி கையில் வைத்து மூடினாள். "அணைக்க வேண்டாம். எனக்காக யாரும் எதையும் விட வேண்டாம். நான் பாத்துக்கிறேன்." எதை வைத்துப் பார்த்துக்கொள்வாள்?

அதற்கப்புறம் செவ்வந்தி படித்துப் படித்துச் சொன்னாள், அக்கா கேட்டுக் கேட்டு மறந்தாள். அக்காவை வெளியூர் அனுப்பலாம் என்று ஒரு நாள் பஸ் ஏற்றியும் பார்த்தாள். எடுத்தது எடுத்ததுதான், பஸ்ஸில் போனதால் ஒன்றும் திரும்பவில்லை. மூன்று சிப்புகளும் மேசைமேல் கிடந்தன. ஒரு கை சுவிட்சுக்குப் போவதும் ஒச்சம்மாவின் முகம் நினைவு வந்து திரும்புவதுமாக, யாரைத் திட்டுவது என்றும் தெரியாமல் எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வேடு ஒரு பக்கம் இழுத்தது. அதை அவள் மறுக்கவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை வெயிலில், நல்லதம்பி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அல்வாப் பொட்டலம். "எப்படியும் எழுதப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை பரீட்சை வரைக்கும் எதுக்கு அலைச்சல்?" என்று சிரித்துக்கொண்டே வாசலில் நின்றான். செவ்வந்தி குறுக்கே போய் நின்றாள். செண்பகம் உள்ளேயிருந்து வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தங்கச்சி காதில் கேட்டாள்.

"யாருடி இவரு? சிரிச்ச முகமா இருக்காரு."

"நம்ம வீட்டுக்குப் போலாம் செண்பகம்" என்றான் அவன்.

"அப்படியா? இருங்க, துணி எடுத்துட்டு வாரேன்."

பதற்றமே இல்லாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்தாள். கம்ப்யூட்டர் அந்தக் கையையும் எடுத்திருந்தது, கை முறிந்த அந்தச் சாயங்காலத்தை. அதை நினைத்து நினைத்துத்தானே அவள் இத்தனை நாளும் படித்தாள், புத்தகம் தூக்கம் வரவைத்தபோதெல்லாம் இடது கையைத் தடவிவிட்டுக்கொண்டுதானே அடுத்த பக்கம் புரட்டினாள், அன்றாடம் அவள் புழங்கிய நினைப்பு அதுதான், அதனால் அதையே கேட்டிருக்கிறது. செவ்வந்தி திரையைத் திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கோட்டில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, ஆனால் கொஞ்சத்துக்குள் அக்கா பஸ் ஏறிவிடுவாள். மடித்த சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டிக்குள் இறங்கின.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒச்சம்மா வந்தாள். செண்பகத்தைப் பார்த்தாள், சேலைகளைப் பார்த்தாள், வாசலில் நின்ற அல்வாவைப் பார்த்தாள். பச்சைக் கோட்டை ஒருதரம் விரலால் தொட்டாள். பிறகு குனிந்து யுபிஎஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இரைச்சல் நின்றது. டிங் கேட்கவில்லை. எதுவும் வரவில்லை. ஒச்சம்மா காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். செண்பகம் பெட்டியைப் பூட்டிவிட்டு, "நேரமாகுது, வரட்டுமா?" என்றாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் செவ்வந்தி கம்ப்யூட்டரைக் கவிழ்த்துப் போட்டுத் திறந்தாள். திருப்புளி வழுக்கியது, விரல் கிழிந்தது. விசிறியைப் பிடுங்கினாள். பிடுங்கியதும் அறை முழுக்கச் சந்தன வாசம், கோயிலில் திரை விலகியதுபோல. விசிறியின் அடியில், நகத்தளவுக்குக் காய்ந்து, இன்னும் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது அக்கா வைத்த பொட்டு.

"இங்கயாக்கா வச்ச?" என்று அழுகையோடு கேட்டாள். அக்காவுக்கு அதுவும் ஞாபகமில்லை.

ஒச்சம்மா கையை நீட்டி அந்தப் பொருக்கைத் தொட்டாள். விரலில் சந்தனம் பட்டால் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ அதைச் செய்தாள், யோசிக்காமல் நெற்றியில் இழுத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பினாள். "இந்தா வாரேன்டா, செருப்பை அங்கிட்டு உதறு" என்றாள், சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வளவே அறைக்குள் வந்துவிட்டது. எல்லாரும் நகத்தளவுச் சந்தனத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செவ்வந்தி அதை வழித்தெடுத்து, "இது அக்காவுக்கு, முழுசும் அக்காவுக்கு, யாரும் கேக்கக் கூடாது" என்றாள். குரல் கத்தலாக வந்தது. ஜெயராக்கினிகூட "போடு, அவளுக்கே போடு" என்றாள். நெற்றிக்குக் கொண்டுபோன கையைச் செண்பகமே பிடித்துக்கொண்டாள். படித்ததெல்லாம் போயிருந்தது, பிடிவாதம் போகவில்லை.

"எல்லாரும் இதையே பாக்குறீங்க. அப்ப இது எல்லாருதும்தான. எனக்கு மட்டும் எதுக்கு?"

பன்னீர் எல்லாம் தேட நேரமில்லை. உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள் செவ்வந்தி. ஆளுக்கொரு பொட்டு, பாத்திமுத்து மட்டும் தர்கா சந்தனக்கூட்டில் பூசுகிற மாதிரி கழுத்தில் தடவிக்கொண்டாள். குழைத்ததில் எல்லாம் கலந்துவிட்டது, யாருடையது யாருக்கு என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் செண்பகத்துக்கு முதலில் வந்தது அவளுடையதேதான். இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாடி" என்றான் நல்லதம்பி.

"எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கு இப்பக் கேக்குது" என்றாள். "நீங்க போங்க."

அவன் போகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாத்திமுத்து கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலோடு அவனுக்கு அளவெடுப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள், அதன் பிறகு போனான். அல்வாப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டே போனான்.

நான்கு கோர் ப்ராசஸரைச் செவ்வந்தி அன்று சாயங்காலம் பொருத்தினாள், டியூபிலிருந்த பேஸ்ட்டை ஒரு மிளகளவு வைத்து. அது சத்தமில்லாமல் ஓடியது, யாரையும் எதையும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்ததும் ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, தாங்கள் இல்லாமல் வளவு எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். வைகைக் கணக்கு மட்டும் திரும்ப முதலிலிருந்து. மழைக்கு முன் முடியாது என்று செவ்வந்தி போன் செய்தபோது பேராசிரியர், பெண் பிள்ளைகளை எடுத்தாலே இப்படித்தான் என்றார். அவள் பதில் சொன்னாள். வளவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

செண்பகம் படித்த பாடம் பொட்டோடு பொட்டாக வளவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆன வருசம் ஜெயராக்கினியிடம் இருந்தது. வேலூர்க் கோட்டைக் கலகம் பாத்திமுத்துவிடம். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்பது ஒச்சம்மாவிடம். செண்பகத்திடம் கொஞ்சம் பாடமும், யாருடையதோ முப்பத்தாறு அங்குல இடுப்பளவும், முன்பின் கேட்டிராத ஒரு பையனின் "எம்மோவ்" என்ற குரலும் இருந்தன. அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வளவுப் பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். வழி நெடுகத் தங்களுக்கு வந்த பாடத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள், கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். கேட்கக் கேட்கச் செண்பகத்துக்கு மனசில் தங்கவில்லை. தேர்வு மையத்து வாசலில் சோதனை போட்டு அவளை உள்ளே விட்டு, மற்றவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே மணி அடித்தது. செவ்வந்தி மதில் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த சுவர், சுட்டது. ஒச்சம்மா பக்கத்தில் வந்து தன் நெற்றியையும் வைத்தாள். கேட்காமலே மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் வந்தாள்.

"சுவத்துல என்னம்மா பண்றீங்க?"

"நினைச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள் ஜெயராக்கினி.

"என்னத்த?"

"நினைக்கிறதுக்குமா தடை போட்டிருக்கு? நீங்க அங்கிட்டுப் போங்கம்மா, கலையுது."

அவள் போய்விட்டாள். வெயில் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. தனக்கு வந்ததை ஆளாளுக்கு உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி, நாக்கு வறண்டு, கண் இருட்டிக்கொண்டு வர, இதுவும் போச்சு என்று செவ்வந்தி நினைத்தபோது ஒச்சம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அய்யய்யோ. வைகை எங்க போய்ச் சேருதுன்னு இப்பத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன். காணமேடி."

பாத்திமுத்து வாயைத் திறந்து மூடினாள். "கோட்டை ஞாபகம் இருக்கு. எந்த ஊருக் கோட்டை?"

ஜெயராக்கினி மெதுவாகக் கேட்டாள், பால் அடுப்பில் வைப்பதற்கு முன் கேட்கிற அதே குரலில், "எடுக்குதாடி?"

செவ்வந்தியிடமிருந்து ஒருநாளும் ஒன்றும் போனதில்லை. இப்போது பூமிக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற பாறை அடுக்குக்கு ஒரு பெயர் உண்டு, அவள் ஆய்வேட்டின் எல்லாப் பக்கத்திலும் வருகிற சொல், அதைத் தேடினாள். இருந்த இடம் குளிர்ச்சியாக, காலியாக இருந்தது. அக்காவுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது.

சுடுகிற சுவரில் நெற்றியை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, "எடுத்துக்கக்கா" என்றாள், "இன்னும் இருக்கு, எடுத்துக்க."